அம்மாவோடு தி.நகர் போய்வருவது: நடைபாதை, பஸ், பூங்கா பற்றி ஒரு நீண்டகால அனுபவம்

சென்னை தி.நகரில் பாண்டி பஜார் நடைபாதை 2019 நவம்பரில் திறந்தபோது ஊரே போய்ப் படம் எடுத்துப் போட்டது. பாராட்டு, திட்டு எல்லாம் சில வாரங்களில் ஓய்ந்துவிட்டன. ஆனால் நடைபாதை, பஸ், பூங்கா மாதிரி விஷயங்களைத் திறப்பு விழா சூட்டில் எடைபோட முடியாது. நாலைந்து மழைக்காலம் அதன்மேல் பெய்து ஓய வேண்டும். ஒரு கல் பெயர்ந்தால் யாராவது வந்து பதிக்கிறார்களா என்று தெரிய வேண்டும்.

நாங்கள் மேற்கு மாம்பலத்துக்காரர்கள். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. இரண்டு முழங்காலும் தேய்மானம், இடது ரொம்ப மோசம். அவளோடு தி.நகருக்கும் மெரினாவுக்கும் இத்தனை வருடமாகப் போய்வந்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். வீட்டில் வயதானவர்கள் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்று நம்புகிறேன்.

முதலில் பாண்டி பஜார். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் சுமார் 40 கோடி ரூபாய் செலவழித்து, தியாகராய சாலையில் வண்டிகளுக்கு இருந்த இடத்தைக் குறைத்து நடப்பவர்களுக்குக் கொடுத்தார்கள். என் அனுபவத்தில் இது நன்றாகவே உழைத்திருக்கிறது. முன்பெல்லாம் அந்தச் சாலையில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். நான் நாலடி முன்னால் போய்த் திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டும். இப்போது அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நடக்கிறாள், பேசிக்கொண்டே போகிறோம். உட்கார இருக்கை போட்டிருக்கிறார்கள். முழங்கால் வலிக்காரர்களுக்கு அகலத்தைவிட இதுதான் பெரிய விஷயம். கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை உட்கார்ந்தே ஆக வேண்டும் என்கிற ஒருவருக்கு, உட்கார இடமில்லாத தெரு போக முடியாத தெருதான். எதுவும் வாங்க வேண்டியது இல்லாத சாயங்காலத்திலும் அங்கே போய் உட்கார்ந்துவிட்டு வருகிறோம்.

சிக்கல் ஆரம்பிப்பது அந்த நடைபாதை முடிகிற இடத்தில். அங்கிருந்து வீட்டுக்கு வரும் வழியில் ஒரு குறுக்குத் தெரு. அதில் மழைநீர் வடிகால் மூடி, பக்கத்து நடைபாதையைவிட நாலு விரற்கடை மேலே நின்றது. அதை ஒட்டி ஒரு மின்சாரப் பெட்டி, பெட்டியைச் சுற்றி டூவீலர்கள். ஏறும்போது வலது காலை முதலில் வை, இறங்கும்போது இடது காலை முதலில் இறக்கு என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அம்மா அந்த மூடிக்கு முன்னால் நின்று, எந்தக் கால் என்று ஒரு கணம் யோசித்து, கைத்தடியை ஊன்றி, வலது காலை வைத்து ஏறுவாள். ஏறின உடனே இறங்க வேண்டும். நாமெல்லாம் கவனிக்கக்கூடச் செய்யாத ஒரு மேடு அது. அதற்குப் பயந்துதான் பல நாள் ரோட்டிலேயே இறங்கி நடந்தாள். சாலைகளுக்கான தர விதிகளை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் விதிப்படி நடைபாதை 150 மில்லிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது, நடக்க 1.8 மீட்டராவது தடையில்லாமல் இருக்க வேண்டும். நம் மாநகராட்சி 2014-லேயே மோட்டார் இல்லாத போக்குவரத்துக்கு என்று தனிக் கொள்கை வகுத்து, போக்குவரத்துக்கான பணத்தில் குறைந்தது 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்க வேண்டும் என்று எழுதி வைத்தது. நல்ல கொள்கை. பாண்டி பஜார் அதன் பலன்தான். அந்தக் கொள்கை குறுக்குத் தெரு வரைக்கும் வந்து சேர வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

ஏனென்றால் அம்மா மாதிரி ஒருவர் வீட்டைவிட்டுக் கிளம்பினால் தெரு, நடைபாதை, பஸ் நிறுத்தம், பஸ் படி, மறுபடி நடைபாதை, பூங்கா வாசல் என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறிக்கொண்டே போகிறார். ஒவ்வொன்றையும் ஒரு துறை, ஒரு காண்ட்ராக்டர் நன்றாகவே செய்திருக்கலாம். இரண்டும் சந்திக்கிற அந்த இரண்டடி மட்டும் யார் கணக்கிலும் வருவதில்லை. விழுவது அந்த இரண்டடியில்தான்.

பஸ்ஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2021 மே 8 முதல் வெள்ளை போர்டு போட்ட சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இத்தனை வருடத்தில் எங்கள் வீட்டில் எதையாவது மாற்றிய அரசாங்க நடவடிக்கை எது என்று கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன். அதற்கு முன்னால் அம்மா மயிலாப்பூர் போக வேண்டுமென்றால் அப்பாவிடமோ என்னிடமோ சொல்லி, யாராவது ஆட்டோ பிடித்துக் கொடுத்து, "இதுக்குப் போய் இவ்வளவு காசா" என்று அவளே பாதியில் வேண்டாம் என்று நிறுத்திவிடுவாள். இலவசம் வந்த பிறகு "பெரியம்மா வீட்டுக்குப் போயிட்டு வரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்ப ஆரம்பித்தாள். நிறுத்தத்தில் தினமும் பார்க்கிற பெண்களோடு பழக்கமாகிவிட்டது. வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், பூ வாங்கப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள். யாருக்கு முழங்கால் ஆபரேஷன் எங்கே நடந்தது, எவ்வளவு நாளில் நடந்தார்கள் என்ற விவரமெல்லாம் அவளுக்கு அந்த நிறுத்தத்தில் கிடைத்ததுதான். இலவசம் எதற்கு என்று கேட்கிறவர்கள் ஒருமுறை காலை ஏழு மணிக்கு வெள்ளை போர்டு பஸ்ஸில் ஏறிப் பார்க்க வேண்டும். அப்பாவுக்கு 60 வயது கடந்தவர்களுக்கான இலவசப் பயண டோக்கன், மாதத்துக்குப் பத்து. அது 2016-லிருந்தே இருக்கிறது. அவர் அதைச் சிக்கனமாகச் செலவழிப்பார்.

ஆனால் காசு இல்லாமல் ஏறலாம் என்றாலும் ஏற முடிய வேண்டுமே. பழைய பஸ்களின் தளம் தரையிலிருந்து கிட்டத்தட்ட 900 மில்லிமீட்டர். கம்பியைப் பிடித்து உடம்பையே தூக்கித்தான் முதல் படியில் வைக்க வேண்டும். முழங்கால் மோசமான பிறகு அம்மா பஸ்ஸைக் குறைத்துக்கொண்டதற்கு அந்த முதல் படிதான் காரணம். எளிதாக ஏறக்கூடிய பஸ் வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் உயர் நீதிமன்றம் வரை போய்ப் போராடினார்கள். அதற்குப் பிறகு, 2024 ஆகஸ்டிலிருந்து புதிய தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. தளத்தின் உயரம் 400 மில்லிமீட்டர்தான். நிற்கும்போது பஸ் ஒரு பக்கம் சாய்ந்து இன்னும் தாழ்கிறது, சக்கர நாற்காலிக்கு மடக்குப் பலகை இருக்கிறது. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகளும் சேர்ந்தன, அவையும் தாழ்தளம்தான். அம்மா முதன்முதலில் தாழ்தளப் பேருந்தில் ஏறியபோது கம்பியைப் பிடிக்கவே இல்லை. உள்ளே போய் நின்றுகொண்டு, "அவ்வளவுதானா" என்று என்னைக் கேட்டாள். அந்தப் போராட்டத்தை நடத்தியவர்களுக்கு நாங்கள் எல்லோருமே கடன்பட்டிருக்கிறோம். அவர்கள் கேட்டது தங்களுக்காக மட்டும் இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறவளுக்கும், காய்கறிக் கூடையோடு ஏறுகிறவளுக்கும், அம்மாவுக்கும் சேர்த்துத்தான்.

இங்கேயும் அதே இரண்டடி வந்து நிற்கிறது. நாங்கள் வழக்கமாக ஏறும் ஒரு நிறுத்தத்தில் ஷேர் ஆட்டோவும் காரும் ஓரத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். டிரைவர் என்ன செய்வார், நடு ரோட்டில் நிறுத்துகிறார். நடைபாதையிலிருந்து ரோட்டில் இறங்கி, வண்டிகளுக்கு நடுவே போய், அங்கிருந்து பஸ்ஸில் ஏற வேண்டும். நடைபாதை மட்டத்திலிருந்து நேராக உள்ளே கால் வைப்பதற்காகத்தான் அந்த பஸ்ஸையே அப்படிச் செய்திருக்கிறார்கள். கோடிக்கணக்கில் வாங்கின வசதி, ஒரு கார் நிற்பதால் பாதியாகிப் போகிறது. நிறுத்தத்தின் நீளத்துக்கு ஓரத்தைக் காலியாக வைத்தாலே போதும், வேறு பெரிய செலவு இல்லை.

அடுத்து ஸ்கைவாக், அதாவது நடப்பவர்களுக்கான மேம்பாலம். 2023 மே மாதம் திறந்தது. மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் சேர்க்கிறது. ரங்கநாதன் தெருவில் தீபாவளிக் கூட்டத்தில் மாட்டியவர்களுக்கு அதன் அருமையைச் சொல்லத் தேவையில்லை. லிஃப்ட், எஸ்கலேட்டர் இரண்டும் உண்டு. மழை, வெயில் படாது. ஒன்று மட்டும் தெரிந்துகொண்டு போங்கள்: நீளம் 570 மீட்டர். நமக்கு அது ஒன்றுமில்லை, மூட்டு வலிக்காரர்களுக்கு அது ஒரு நடை. அம்மாவோடு போனால் நேரம் வைத்துக்கொண்டுதான் கிளம்புவேன்.

ஆப், கார்டு பற்றிச் சுருக்கமாக. மெட்ரோவில் பயன்படுத்துகிற சிங்காரச் சென்னை பயண கார்டை 2025 ஜனவரியிலிருந்து பஸ்ஸிலும் காட்டலாம், 2025 செப்டம்பரில் வந்த சென்னை ஒன் ஆப்பில் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட் எடுக்கலாம். எனக்கு வசதி, அம்மாவுக்குத் தேவைப்படவில்லை.

பூங்காவுக்கு எங்களுக்கு வெங்கட்நாராயணா சாலை நடேசன் பூங்காதான். பனகல் பூங்காவின் ஒரு பகுதி மெட்ரோ வேலைக்குப் போனதால் நடேசனில் கூட்டம் கூடியிருக்கிறது, ஆனாலும் காலை வேளையில் அங்கே இருக்கிற கலகலப்பு வேறு எங்கும் இல்லை. ஒரு பக்கம் யோகா, ஒரு பக்கம் அரசியல், நடுவில் பேரனின் கல்யாணப் பேச்சு. கதீட்ரல் சாலையில் 2024 அக்டோபரில் திறந்த கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவுக்கும் போனோம். 6 ஏக்கருக்கு மேல், 46 கோடி ரூபாய் செலவு, பார்க்க அழகு. பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் 100 ரூபாய். வருடத்தில் ஒருநாள் குழந்தைகளைக் கூட்டிப்போக அது சரி. தினமும் நடக்கிறவர்களுக்கு வேண்டியது தெருமுனையில், காசில்லாமல், வாசலில் படி இல்லாமல் இருக்கிற பூங்கா. அடுத்த 46 கோடி இருந்தால் அதை வார்டு வார்டாகப் பிரித்துக் கொடுங்கள் என்றுதான் கேட்பேன்.

மெரினா சாய்தளத்தைச் சொல்லாமல் முடிக்க முடியாது. விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலத்தில் மரப்பாதை. 2022 நவம்பர் 27 அன்று மாற்றுத்திறனாளிகளுக்காகத் திறந்தார்கள். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, மாண்டஸ் புயலில் ஒரு பகுதி பெயர்ந்துவிட்டது. பணம் கடலில் போயிற்று என்று பேசியவர்கள் நிறைய பேர். ஆனால் அதைச் சரிசெய்து சீக்கிரமே மறுபடி திறந்தார்கள். அதற்குத்தான் நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன். புதிதாகக் கட்ட எல்லோருக்கும் பிடிக்கும், உடைந்ததை உடனே சரிசெய்ய ஆர்வம் காட்டுவது அரிது. மணலில் கால் புதைந்து நடக்க முடியாமல் அம்மா பல வருடமாகச் சாலை ஓரத்துச் சுவரில் உட்கார்ந்துதான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மரப்பாதையில் அலைச் சத்தம் கேட்கிற தூரம் வரை தானே நடந்து போனாள். எங்களுக்கு முன்னால் சக்கர நாற்காலியில் ஒரு இளைஞர், அவருடைய நண்பர்கள் சுற்றி நின்று சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

குறுக்குத் தெரு மூடிக்கு வருகிறேன். 2016 கடைசியிலிருந்து 2022 பிப்ரவரித் தேர்தல் வரை சென்னையில் கவுன்சிலரே கிடையாது. இந்த மாதிரிச் சின்ன விஷயங்களை யாரிடம் சொல்வது என்றே தெரியாத காலம் அது. தேர்தலுக்குப் பிறகு தெருக்காரர்கள் சிலர் சேர்ந்து மனு கொடுத்தோம், மாநகராட்சியின் 1913 என்ற புகார் எண்ணிலும் பதிவு செய்தோம். மனுவைவிட உதவியது, வார்டு பொறியாளரை வரச்சொல்லி அம்மாவையும் பக்கத்து வீட்டுத் தாத்தாவையும் அவர் கண்முன் அந்த வழியில் நடக்க வைத்ததுதான். அம்மா நின்று, கால் மாற்றி, தடியை ஊன்றி ஏறுவதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மூடிக்கு இருபுறமும் சிமெண்டில் சரிவு போட்டுக் கொடுத்தார்கள். டூவீலர்கள் இன்னும் நிற்கின்றன, ஆனால் நடக்க வழி விட்டு நிற்கின்றன.

உங்கள் தெருவில் இப்படி ஒரு இடம் இருந்தால் போட்டோவோடு நிறுத்தாதீர்கள். வார்டு மக்கள் குறைகளைச் சொல்லும் பகுதி சபைக் கூட்டம் எப்போது என்று கவுன்சிலர் அலுவலகத்தில் கேளுங்கள், வீட்டுப் பெரியவரைக் கூடவே கூட்டிப் போங்கள், அதிகாரியை அவரோடு நிறுத்தம் வரை நடக்கச் சொல்லுங்கள். நாங்கள் அடுத்ததாகக் கேட்கப்போவது பஸ் நிறுத்த ஓரத்தைத்தான்: வண்டி நிறுத்தத் தடைக்கோடு ஒன்று, நிழலில் உட்கார ஒரு பெஞ்சு.