மார்கழியில திருச்சி டூ செட்டிநாடு, பாசஞ்சர் ரயில்ல

போன ஞாயித்துக்கிழமை அப்பத்தாவ பாக்க திருச்சிலேருந்து காரைக்குடி பாசஞ்சர்ல ஏறுனேன், காரைக்குடி வரைக்கும் கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர்தான், பஸ்ல குலுங்கிக்கிட்டு போறதுக்கு இது எவ்வளவோ மேல். மார்கழி குளிரு, ஜன்னல் கம்பில கை வெச்சா ஜில்லுங்குது, புதுக்கோட்டை தாண்டி பனிக்குள்ள திருமயம் கோட்டை மங்கலா தெரிஞ்சது பாருங்க, டிக்கெட் காசு அதுக்கே சரியாப்போச்சு. வழியில வாங்குன டீ மட்டும் சுத்த வெந்நி, சக்கரை கூட கரையல. எல்லா வண்டியும் செட்டிநாடு ஸ்டேஷன்ல நிக்காது, பாத்து ஏறுங்க, அப்பத்தா ஊரு கானாடுகாத்தானுக்கு அங்கதான் எறங்கணும். அப்பத்தா வாசல்லயே "ஏன்டா இப்புடி எளச்சுட்ட"ன்னு ஆரம்பிச்சு சுடச்சுட வெள்ளைப் பணியாரமும் வரமிளகா சட்னியும் வெச்சாக, எட்டு உள்ள போச்சு (ஒம்போதோ என்னவோ). சாயங்கால வண்டிக்கு கெளம்புறப்ப பைக்குள்ள ஒரு தூக்கு மாவுருண்டை, கீரனூர் வர்றதுக்குள்ள பாதி காலி.