அம்பத்தூரில் மலிவாகச் சாப்பிட: அம்மா உணவகமா, மெஸ்ஸா, தள்ளுவண்டியா?

சென்னை அம்பத்தூர் எஸ்டேட் என்கிற தொழிற்பேட்டைக்குப் புதிதாக வேலைக்கு வரும் பெண்கள் முதல் வாரத்திலேயே என்னிடம் கேட்டுவிடுவார்கள்: "அக்கா, சாப்பாட்டுக்கு என்ன பண்றீங்க?" வாடகை, பஸ், ரயில் எல்லாம் தானாக ஒரு வழிக்கு வந்துவிடும். சாப்பாடுதான் வராது. 18 ஆயிரம், 20 ஆயிரம் சம்பளத்தில் ஊருக்கும் அனுப்ப வேண்டும் என்றால், தினம் இருபது ரூபாய் கூடக் குறையப் போவது மாதக் கடைசியில் நன்றாகவே தெரியும். ஏழு வருடமாக இங்கே ஒரு தோழியோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். பட்டரவாக்கம் ஸ்டேஷனிலிருந்து அம்பத்தூரின் பழைய ஊர்ப் பக்கமான ஓ.டி. வரைக்கும் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கீழே வரும் விலைகள் நான் போகும் தெருக்களின் விலை. உங்கள் தெருவில் ஐந்து பத்து முன்னே பின்னே இருக்கும்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பலகையில் எழுதியிருக்கும் விலையை மட்டும் வைத்துக் கடைகளை ஒப்பிட்டால் கணக்கு தப்பும். சாப்பிட்ட பிறகு எத்தனை மணி நேரம் பசி தாங்குகிறது, மாதத்தில் எத்தனை நாள் அந்தக் கடை நமக்குக் கிடைக்கிறது, இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மதியம் 40 ரூபாய் லெமன் சாதம் சாப்பிட்டுவிட்டு நாலு மணிக்கு டீ, பஜ்ஜி என்று 35 ரூபாய் செலவழிப்பவர் 75 ரூபாய்க்குச் சாப்பிட்டதாகத்தான் அர்த்தம்.

இந்தப் பக்கம் இத்தனை மெஸ் இருப்பதற்குக் காரணம் உண்டு. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில்தான் கேன்டீன் கட்டாயம் என்று வைத்தது. எஸ்டேட்டில் பெரிய கம்பெனிகள் இருந்தாலும் லேத் பட்டறை, பிரஸ் ஷாப், பவுடர் கோட்டிங், பேக்கிங் யூனிட் என்று பத்துப் பேர், இருபது பேர் வேலை செய்யும் இடங்கள்தான் தெருவுக்குத் தெரு. அங்கெல்லாம் மதிய மணி அடித்தால் எல்லோரும் வெளியேதான் வர வேண்டும். அந்தக் கூட்டத்தை நம்பித்தான் இங்கே அடுப்பு எரிகிறது.

சரி, விலையில் எல்லாவற்றுக்கும் கீழே இருப்பது அம்மா உணவகம். அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்து ஏழாவது மண்டலம் ஆனதால் நமக்கு இந்த வசதி. 2013 பிப்ரவரியில் சாந்தோமில் முதல் கடை திறந்தபோது இட்லி ஒரு ரூபாய், இன்றும் அதே ஒரு ரூபாய்தான். பொங்கல் 5, சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3, சாயங்காலம் இரண்டு சப்பாத்தி 3. கணக்குப் போட்டுப் பாருங்கள்: காலையில் ஐந்து இட்லி, மதியம் இரண்டு சாம்பார் சாதம், ஒரு தயிர் சாதம், இரவுக்கு நாலு சப்பாத்தி. மொத்தம் 24 ரூபாய். மாதத்துக்கு 720. வேறு எந்தக் கடையும் இதன் பக்கத்தில் வர முடியாது.

காலை ஏழு மணிக்குப் போனால் யாருக்காக இது நடக்கிறது என்று தெரியும். நைட் ஷிப்ட் முடிந்து எண்ணெய்க் கறை போகாத கையோடு வரும் பையன்கள், செக்யூரிட்டி தாத்தாக்கள், பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள், பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு வரும் அம்மாக்கள். டோக்கன் வாங்கி, சில்வர் தட்டை நீட்டினால், சுய உதவிக் குழு அக்காக்கள் சூடாக எடுத்து வைக்கிறார்கள். இட்லி பூ மாதிரி இருக்கும் என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் கெட்டி. ஆனால் ஏழு வருடத்தில் ஒரு நாள் கூட அங்கே சாப்பிட்டு எனக்கு வயிறு கெட்டதில்லை. 2024 ஜூலையில் பாத்திரங்களையும் கட்டடங்களையும் சரிசெய்ய அரசு 21 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஆட்சி மாறியும் இந்த அடுப்பு அணையாமல் இருப்பது எனக்குப் பெரிய நிம்மதி.

குறை என்ன? பெரும்பாலும் நின்றுகொண்டுதான் சாப்பிட வேண்டும். எட்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வந்தவருக்கு அது சிரமம். பார்சல் தரமாட்டார்கள். அப்புறம் நேரம்: காலை 7 முதல் 10, மதியம் 12 முதல் 3. நமக்கு அரை மணி இடைவேளை, கடை ஒரு கிலோமீட்டர் தள்ளி என்றால் மதியத்துக்கு ஒத்துவராது. முக்கியமாக, காய் கிடையாது. மாதம் முழுக்க இதையே சாப்பிட்டால் உடம்பு கேட்கும். அதனால் என் கணக்கில் அம்மா உணவகம் காலைக்கு முதல் இடம், மதியத்துக்கு மாதக் கடைசி வாரத்தில் கைகொடுக்கும் இடம்.

மதியம் என்றால் மெஸ்தான். எஸ்டேட் பக்கத்தில் அன்லிமிடெட் சைவச் சாப்பாடு 80 முதல் 100 ரூபாய். சாம்பாருக்கு ஒரு தடவை, காரக்குழம்புக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்குக் கொஞ்சம் என்று நாலு முறை சோறு விழும். கூட ஒரு பொரியல், ஒரு கூட்டு, அப்பளம். ஒரு மணிக்குச் சாப்பிட்டால் இரவு எட்டு வரை வேறு எதுவும் தோன்றாது. காய் இரண்டு வகை உள்ளே போவது நாளில் இந்த ஒரு வேளைதான். அதனால் 80 ரூபாயை நான் அதிகமாக நினைப்பதில்லை.

நல்ல மெஸ்ஸை ரசத்திலும் மோரிலும் கண்டுபிடிக்கலாம். சாம்பாரை எல்லோரும் ஒழுங்காக வைப்பார்கள், அதுதான் முதலில் இலையில் விழுவது. ரசம் வெறும் புளித்தண்ணீராக இருந்தாலோ, மோர் கேட்டால் பரிமாறுபவர் காதில் விழாதது மாதிரி போனாலோ, அந்தக் கடைக்கு மறுமுறை போக வேண்டாம். பொரியலை இரண்டாவது தடவை கேட்டுப் பாருங்கள். முகம் சுளிக்காமல் வைத்தால் அங்கேயே தங்கிவிடலாம். நேரமும் முக்கியம். 12.30-க்குப் போனால் எல்லாம் இருக்கும். ஒன்றே முக்காலுக்குப் போனால் அதே 80 ரூபாய்க்குத் தண்ணீர் சேர்ந்த சாம்பாரும் அடிப்பிடித்த கூட்டும்தான்.

மாதக் கார்டு விஷயத்தில் கவனமாக இருங்கள், இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. நான் போய்க்கொண்டிருந்த ஒரு மெஸ்ஸில் தினசரி விலை 80. மாதக் கார்டு வாங்கினால் ஞாயிறு தவிர்த்து மதியமும் இரவுமாக 52 டோக்கன், 3,640 ரூபாய். அதாவது ஒரு சாப்பாடு 70. லாபம் என்று வாங்கினேன். அந்த மாதம் பொங்கல் வந்தது, ஊருக்குப் போனேன், திரும்பி வந்து இரண்டு நாள் காய்ச்சல். 41 டோக்கன்தான் செலவானது. மிச்சம் 11 அடுத்த மாதம் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். சாப்பிட்ட சாப்பாடு ஒவ்வொன்றும் ஏறக்குறைய 89 ரூபாய் விழுந்தது. காசு கொடுத்து அன்றன்றைக்கே சாப்பிட்டிருந்தால் 360 ரூபாய் மிஞ்சியிருக்கும். இந்த விலைக்கு 46 சாப்பாடாவது சாப்பிட்டால்தான் கார்டு லாபம். பண்டிகை இல்லாத மாதத்தில் மட்டும் வாங்குங்கள். வாங்கும் முன், "அண்ணே, மிச்ச டோக்கன் அடுத்த மாசம் செல்லுமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். இப்போது நான் போகும் மெஸ்ஸில் செல்லும்.

பெண்களுக்கு இன்னொரு சங்கடம் இருக்கிறது. மதிய நேரத்து மெஸ் முழுக்க ஆண்கள் கூட்டம். நமக்குப் பின்னால் அடுத்த பந்திக்கு ஆள் நின்றுகொண்டிருக்கும்போது நிதானமாகச் சாப்பிட முடியாது. இரண்டாவது தடவை சோறு கேட்கவே பல பெண்கள் கூச்சப்படுகிறார்கள். அன்லிமிடெட் விலை கொடுத்து அளவுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு எழுந்து வருகிறார்கள். இவர்களுக்கு என் யோசனை பார்சல். இங்கே பார்சல் சாப்பாடு 110, 120 ரூபாய். ஆனால் ஒரு ஆள் எத்தனை தடவை கேட்பார் என்று கணக்கு வைத்துச் சோற்றை அமுக்கிக் கட்டுவதால், இரண்டு பெண்களுக்குத் தாராளமாகப் போதும். 120-ஐ இரண்டாகப் பிரித்தால் ஆளுக்கு 60 ரூபாய். கம்பெனியிலேயே உட்கார்ந்து, பேசிக்கொண்டே சாப்பிடலாம். நானும் என் அக்கவுன்ட்ஸ் தோழியும் மூன்று வருடமாக இப்படித்தான்.

பார்சலுக்குத் தூக்குச்சட்டி கொண்டுபோங்கள். ஒரு முறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. ஆனாலும் கொதிக்கும் சாம்பாரை மெல்லிய கவரில் கட்டித் தரும் கடை இன்னும் இருக்கிறது. பாத்திரத்தை நீட்டினால், சூட்டில் பிளாஸ்டிக் சாம்பாரில் கலக்குமோ என்ற பயம் இல்லை. கட்டுகிற வேலை மிச்சம் என்று ஒரு கரண்டி கூடவும் ஊற்றுவார்கள்.

இரவுக்குத் தள்ளுவண்டி. எங்கள் தெரு முனையில் ஆறரை மணிக்கு ஒரு அக்கா வண்டி போடுகிறார். இட்லி 8 ரூபாய், கல் தோசை 25, கலக்கி 20. துணி போட்டு அவிக்கும் இட்லி. குண்டானிலிருந்து தட்டைத் தூக்கி, கவிழ்த்து, ஈரத்துணியை ஓரத்திலிருந்து மெதுவாக உரிக்கும்போது இட்லியின் மேல் துணியின் நெசவு அப்படியே பதிந்திருக்கும். அந்தச் சூட்டில், வேர்க்கடலை போட்டு அரைத்த சட்னியோடு நாலு இட்லி சாப்பிட்டால் 32 ரூபாய். "இன்னொண்ணு வெச்சுக்கோ கண்ணு, வெறும் வயித்தோட படுக்கக் கூடாது" என்று ஐந்தாவதை வைத்துவிட்டு, அதற்குக் காசு வாங்க மாட்டார் சில நாள்.

தள்ளுவண்டி சுத்தமாக இருக்காது என்று பொதுவாகச் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நம் கண் முன்னால் அவிகிறது, நம் கண் முன்னால் சுடுகிறார்கள். மெஸ்ஸின் சமையல்கட்டை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? பார்க்க வேண்டியது இரண்டு: தட்டு கழுவும் வாளித் தண்ணீர், பொரிக்கும் எண்ணெய். தட்டின் மேல் இலையோ தாளோ போட்டுத் தந்தால் முதல் கவலை இல்லை. எண்ணெய் கறுத்து, நுரைத்து, கிளறும்போது கெட்டியாக ஓடினால் போண்டா, சில்லி சிக்கன் பக்கம் போகாதீர்கள். ஆவியில் வேகும் பண்டத்துக்கு அந்தப் பயம் இல்லை, அதனால்தான் நான் வண்டியில் இட்லி தாண்டிப் போவதில்லை. வண்டியின் பெரிய குறை மழை. நவம்பரில் நாலு நாள் விடாமல் பிடித்தால் தெரு முழங்கால் தண்ணீர், வண்டி வராது. அன்றைக்கு என்ன என்று முன்கூட்டியே யோசித்து வைத்திருக்க வேண்டும்.

ஏசி ஹோட்டலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு தோசை, ஒரு காபி 200 ரூபாயைத் தொடும், அதன் மேல் 5 சதவீதம் ஜிஎஸ்டி. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் போகலாம். சுத்தமான கழிப்பறை இருக்கிறது, உட்காரலாம், அதற்குக் கொடுக்கும் விலை அது. ஒரே ஒரு தகவல்: காம்போசிஷன் திட்டத்தில் (சின்ன வியாபாரிகள் தங்கள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தைத் தாங்களே வரியாகக் கட்டும் முறை) பதிவு செய்த சின்ன ஹோட்டல்கள் வாடிக்கையாளரிடம் தனியாக ஜிஎஸ்டி வசூலிக்கக் கூடாது. அப்படிப் பதிவு செய்த கடை அதைப் பலகையிலும் பில்லிலும் போட்டிருக்க வேண்டும். பில்லை ஒரு தடவை படித்துவிட்டுக் காசு கொடுங்கள்.

டெலிவரி ஆப்பை நான் மலிவு வரிசையில் சேர்க்கவே மாட்டேன். கடையில் 120 ரூபாய்க்கு வாங்கும் அதே பண்டம், பேக்கிங், டெலிவரி, பிளாட்ஃபார்ம் கட்டணம் எல்லாம் ஏறி 180, 190-க்கு வாசலில் வந்து நிற்கிறது. தள்ளுபடி கூப்பனுக்காக வேண்டாத ஒரு பண்டத்தையும் சேர்த்து வாங்குகிறோம். உடம்பு முடியாத நாளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பலருக்குத் தோன்றாத ஒரு வழி. சோற்றை அறையில் வடித்துவிட்டு, குழம்பை மட்டும் வாங்குவது. சமையலில் நேரம் பிடிப்பது குழம்பும் பொரியலும்தான். சோறு குக்கரில் தானாக வேகும். இருவருக்கு 400 கிராம் அரிசி, கிலோ 60 என்றால் 24 ரூபாய். மெஸ்ஸில் சாம்பார் 30, பொரியல் 20. ஆக 74 ரூபாய், ஆளுக்கு 37. சோற்றுச் சாப்பாட்டில் அம்மா உணவகத்துக்கு அடுத்து மலிவு இதுதான், காயும் கிடைக்கிறது. ரசம் கொசுறாகவே ஊற்றித் தருவார்கள், அடிக்கடி போகும் முகமாக இருந்தால். சில வீட்டு ஓனர்கள் மின்சாரக் குக்கருக்கு ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அறை பார்க்கும்போதே இதைக் கேட்டுவிடுவது நல்லது. நாங்கள் அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் கேட்டோம், எங்கள் ஓனர் மின்சாரத்துக்கு மாதம் 200 கூட வைத்துவிட்டார்.

இப்போது என் வாரம் இப்படிப் போகிறது. காலை அம்மா உணவகத்தில் நாலு இட்லி அல்லது பொங்கல், 5 ரூபாய்க்குள். மதியம் தோழியோடு பாதிப் பார்சல், 60. இரவு வண்டி இட்லி, 32. நாளைக்கு 97 ரூபாய், டீயும் சேர்த்தால் 110. ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் மூடியிருக்கும், மெஸ்ஸும் திறக்காது. அன்றைக்கும் மழை நாளிலும் குக்கரில் சோறு ஏற்றிவிட்டு, ஓ.டி. பக்கம் ஞாயிறும் திறந்திருக்கும் கடைக்குத் தூக்குச்சட்டியோடு எங்களில் ஒருத்தி போவாள். மீன் குழம்பு 60 ரூபாய். மத்தியானம் ஒரு மணிக்கு மேல் போனால் துண்டு கிடைக்காது, குழம்பு மட்டும்தான்.