மரச்சட்டம் மாற்றப்பட்ட முடிசூட்டு விழா நாற்காலி: சேகரிப்பாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை

1953 ஜூன் 2 அன்று லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் நடந்த இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழாவில் விருந்தினர்கள் அமர்வதற்கென்றே செய்யப்பட்டு, விழா முடிந்ததும் அவர்களுக்கே விலைக்குக் கொடுக்கப்பட்ட ஓக் மர நாற்காலிகளைத் தேடிச் சேகரிப்பவர்கள் நம் ஊரிலும் இருக்கிறோம். அவர்களுக்காகவே, வண்ணாரப்பேட்டையில் பழைய மரச்சாமான் விற்கும் ஒருவரிடம் எனக்கு நேர்ந்ததை எழுதுகிறேன்.

அவருடைய கிடங்கில் நான் பார்த்த நாற்காலி அசல்தான். இருக்கையின் அடிச்சட்டத்தில் விழா முத்திரை இருந்தது. நீல வெல்வெட் சாய்வில் அரசியின் பெயரெழுத்துகளும் கிரீடமும் தைக்கப்பட்டிருந்தன. பெரம்பூரில் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தார் வீட்டைக் காலி செய்தபோது வாங்கியதாகச் சொன்னார். முழுத் தொகையையும் பெற்றுக்கொண்ட பிறகு, "பின்கால் லேசா ஆடுது சார், ராயபுரத்துல நம்ம ஆசாரிகிட்ட குடுத்து இறுக்கி அனுப்புறேன்" என்றார்.

வீட்டில் வந்து இறங்கியதில் சாய்வுத் துணி மட்டுமே பழையது. அசலில், ஓக் மரத்தின் நீளவாக்கிலான நுண்துளைகளுக்குள் வெள்ளைப் பூச்சு இறங்கி, ரேகைகள் வெண்கோடுகளாகத் தெரியும். இதிலோ வெள்ளை மேலாகப் படிந்திருந்தது, நகத்தால் சுரண்டியதும் உரிந்தது. எனக்குத் தெரிந்த தச்சரிடம் காட்டியபோது, சில்வர் ஓக் என்றார். நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கப்படும் அந்த மரம் ஓக் இனத்தையே சேர்ந்ததல்ல; ஆனால் அறுத்த பலகையில் ஓக்கைப் போலவே பளபளக்கும் திட்டுகள் தெரிவதால், போலிக்கு வசதியாகப் போய்விடுகிறது.

பழைய நாற்காலிக்குப் புதுத் துணி போடுவதை நான் குறை சொல்லவில்லை. அதை மறைக்காமல் சொல்லி விற்கலாம். அசலைப் பிரித்து, அதன் துணியைப் புதுச் சட்டத்தில் ஏற்றி அசல் விலைக்குத் தருவது பச்சை மோசடி. அத்தனை ஆண்டுகள் ஒன்றாக இருந்ததைப் பிய்த்தார்களே என்பதுதான் பணம் போனதைவிட எனக்கு வலிக்கிறது. "நீங்க பாத்தது இதேதான்" என்று அவர் சாதிக்கிறார். ரசீதிலோ 'பழைய நாற்காலி 1' என்று மட்டுமே எழுதியிருக்கிறார்.

எனவே, வாங்கும் பொருளின் மரம், முத்திரை, துணி ஆகியவற்றை ரசீதில் எழுதச் சொல்லுங்கள், அடிச்சட்டத்தைப் படமெடுங்கள், பழுதுபார்ப்பதென்றால் வீட்டுக்குக் கொண்டுவந்து நீங்களே ஆள் வைத்துப் பாருங்கள். அசல் சட்டம் புதுத் துணியோடு வேறொருவருக்கு விற்கப்படும் என்றே கருதுகிறேன். கிடங்கில் நான் எடுத்த படத்தில் அதன் இடது முன்காலில் சிகரெட் சுட்ட கருந்தடம் தெளிவாகத் தெரிகிறது. அத்தகைய நாற்காலியை யாரேனும் உங்களிடம் விற்க வந்தால், பணம் கொடுப்பதற்கு முன் எனக்குத் தெரிவியுங்கள், படத்தை அனுப்புகிறேன்.