இரவு ஊறலா, ஹாட்பாக்ஸா, நேரே குக்கரா: காய்ந்த மொச்சையைப் பதப்படுத்தும் மூன்று வழிகள்

கோவையில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டில் குடியிருந்த வரை, காய்ந்த மொச்சையை வேகவைப்பது யோசிக்க வேண்டிய வேலையாக எனக்குத் தோன்றியதில்லை. காங்கயம் பக்கம் குடிவந்த முதல் மாதத்தில், அதே குக்கரில் வழக்கமான ஐந்து விசிலுக்கு வைத்த மொச்சை, தோல் பிளக்காமல், உள்ளே மாவாகாமல், குழம்பில் கூழாங்கல்லாகக் கிடந்தது. விருந்துக்கு வந்தவர்கள் கத்தரிக்காயை மட்டும் உண்டு, மொச்சையை மரியாதையாக இலையோரம் ஒதுக்கிவிட்டு எழுந்தார்கள். அதன் பிறகு மூன்று வழிகளையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்து, இரவே உப்பிட்ட நீரில் ஊறவைப்பது என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்.

ஊறவைக்காமல் நேரே குக்கரில் போடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பச்சைப்பயிற்றுக்கும் தட்டைப்பயிற்றுக்கும் அது போதும். வாணலியில் வாசம் வரும் வரை வறுத்து வேகவைத்தால் கடைசலுக்குச் சுவையும் கூடும். மொச்சைக்கும் கொள்ளுக்கும் அது ஒத்துவராது. விசிலை எத்தனை கூட்டினாலும் பாதி குழைந்தும் பாதி விறைத்தும் நிற்கும், எரிவாயுவும் வீணாகும்.

ஹாட்பாக்ஸ் வழி அவசரத்துக்கு உதவுவது. மொச்சையை இரண்டு மூன்று நிமிடம் கொதிக்கவிட்டு, அந்தச் சுடுநீரோடு ஹாட்பாக்ஸில் ஊற்றி மூடிவைத்தால், ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓரளவு ஊறிவிடுகிறது. முன்னறிவிப்பின்றி உறவினர் வந்த நாட்களில் நானும் இதைத்தான் செய்கிறேன். ராஜ்மாவை மட்டும் இதில் கவனமாகக் கையாள வேண்டும். வேகாத ராஜ்மாவில் வயிற்றைக் கெடுக்கும் லெக்டின் என்ற புரதம் உண்டு. அது மிதமான சூட்டில் அழியாது. ஆகையால் ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகே மற்ற வேலை. எங்கள் வீட்டில் ராஜ்மா ஆண்டுக்கு இரண்டு முறை சமைத்தால் அதிகம் என்பதால், அதன் பக்குவத்தைப் பற்றி இதற்கு மேல் பேச எனக்கு அனுபவம் போதாது.

எது சிறந்த வழி என்பதைத் தீர்மானித்தது நேரமோ எரிவாயுவோ அல்ல, தண்ணீர். "உப்புத் தண்ணிக்குப் பருப்பு வேகாது, கண்ணு" என்று அம்மாயி சொல்லிக்கொண்டே இருப்பார். காங்கயம் வந்த பிறகுதான் அதன் பொருள் புரிந்தது. இங்கே போர் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதில் பெரும்பகுதி சுண்ணாம்புச் சத்து. பயிற்றின் தோலையும் அணுச்சுவரையும் பிணைத்து வைத்திருப்பது பெக்டின். நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் அதோடு சேர்ந்து பிணைப்பை இறுக்கிவிடுவதால், எவ்வளவு நேரம் கொதித்தாலும் பயறு எளிதில் இளகுவதில்லை.

இதற்கு மருந்தும் உப்புதான் என்பது வேடிக்கை. சமையல் உப்பிலுள்ள சோடியம் ஊறும்போது தோலுக்குள் சென்று கால்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, பிணைப்பு தளர்கிறது. வேகவைக்கும்போது உப்புப் போட்டால் பயறு வேகாது என்று கேட்டு வளர்ந்த எனக்கு இதை நம்ப நாளாயிற்று. ஒரே பையிலிருந்து எடுத்த மொச்சையை இரண்டு கிண்ணங்களில் பிரித்து, இரண்டிலும் போர் தண்ணீர் ஊற்றி, ஒன்றில் மட்டும் உப்பிட்டு இரவு முழுவதும் ஊறவைத்தேன். காலையில் அலசி, இரண்டையும் ஒரே குக்கரில் தனித்தனி டப்பாக்களில் நான்கு விசில் வைத்தேன். உப்பில் ஊறியது விரலிடையே வைத்து அழுத்தியதும் தோலோடு மசிந்தது. மற்றது பிதுங்கி வெளியே வந்தது, தோல் மட்டும் ரப்பராகக் கையில் நின்றது.

அளவு, ஒரு லிட்டர் நீருக்குச் சுமார் 15 கிராம் தூளுப்பு. ஊறத் தொடங்கியதும் மொச்சையின் தோல் முதலில் சுருங்கும். பிறகு உள்ளிருக்கும் பருப்பு உப்பி வர, சுருக்கம் நீங்கி வழவழப்பாகும். சுருக்கம் இருக்கும் வரை ஊறல் முடியவில்லை என்று கொள்ளலாம். எட்டு முதல் பத்து மணி நேரம் போதும். சித்திரை வெயிலில் அதற்குள்ளேயே நுரை கட்டிப் புளித்த வாடை வந்துவிடுவதால், அந்த மாதங்களில் பாத்திரத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுகிறேன். ஆப்பச் சோடா இதைவிட வேகமாக மென்மையாக்கும் என்பது உண்மையே. ஆனால் ஒரு சிட்டிகை கூடினாலும் சவர்க்கார வாடை அடிக்கும், பயிற்றிலுள்ள பி1 சத்தும் குறையும். வேகவைக்க மட்டும் ஆர்ஓ தண்ணீர் கிடைத்தால் இன்னும் நல்லது. புளிக்கரைசலை மொச்சை வெந்த பிறகே ஊற்ற வேண்டும். வேகும் முன்பே புளிப்பு பட்டால் இளகாமல் விறைத்தே நிற்கும்.

இரண்டு மூன்று ஆண்டுகள் வெக்கையில் கிடந்த பழைய சரக்குக்கு இந்த உப்பு வைத்தியமும் பாதிதான் பலிக்கிறது. கொள்ளுக்கும் இதே முறையைத்தான் பின்பற்றுகிறேன்; ஊறிய நீரைக் கொட்டி நன்றாக அலசினாலும் பயிற்றில் கொஞ்சம் உப்பு தங்கிவிடுவதால், வெந்த நீரை வடித்து ரசம் வைக்கும்போது ஒரு கரண்டி வாயில் விட்டுப் பார்த்த பிறகே உப்புச் சேர்க்கிறேன்.