மல்டி ரேட்டிங்: செனிகாவா, டைமண்டா, டெக்னாமா?

கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு, விமானத் துறையைக் கண்காணிக்கும் டிஜிசிஏ கேட்கிற 200 மணி நேரத்தில் பெரும்பகுதி ஒற்றை எஞ்சினிலேயே ஓடிவிடும். மிச்சமிருக்கும் கொஞ்ச நேரம் மல்டி, அதாவது இரண்டு எஞ்சின் விமானம்; அதை ஓட்டும் தகுதிதான் மல்டி ரேட்டிங். அங்கேதான் காசு கரையும். வியாசர்பாடி, தண்டையார்பேட்டைப் பக்கம் வீட்டை அடமானம் வைத்துப் பிள்ளையைப் பறக்க அனுப்பும் அப்பாக்கள் கேட்பதும் இதைத்தான்: எந்த வண்டியில் கற்றுக்கொண்டால் நல்லது?

இரண்டு எஞ்சினும் ஓடும்போது யாரும் ஓட்டிவிடலாம். ஒன்று நின்றால்தான் பாடமே. காசிமேட்டில் கேட்டுப் பாருங்கள், ஒரு பக்கம் மட்டும் துடுப்பு போட்டால் கட்டுமரம் எப்படித் திரும்பும் என்று. அதே கதைதான். சக்தியில் பாதி போனால் ஏறும் திறனில் பாதி போகாது. முக்கால் பங்குக்கு மேலேயே போய்விடும்.

முதலில் பைபர் செனிகா. 1970களில் வந்த பெருசு. எஞ்சினுக்கு மூன்று லீவர் (சக்திக்கு த்ராட்டில், விசிறிக்கு ப்ரொப்பெல்லர், எரிபொருள் கலவைக்கு மிக்ஸ்சர்), மொத்தம் ஆறு. இன்ஸ்ட்ரக்டர் இடது த்ராட்டிலை இழுத்தால் மூக்கு இடப்பக்கம் ஓடும்; வலது காலால் ரட்டரை (வால் சுக்கானை) மிதித்து நேராக்க வேண்டும். வேலையில்லாமல் சும்மா கிடக்கிற கால் எந்தப் பக்கமோ, செத்த எஞ்சினும் அந்தப் பக்கம். த்ராட்டிலை மூடி அதை உறுதி செய்து, ப்ரொப்பெல்லரை ஃபெதரில் போட்டு (விசிறி இதழ்கள் காற்றைத் தடுக்காதபடி திருப்பி), மிக்ஸ்சரை இழுக்க வேண்டும். பதற்றத்தில் பக்கத்து லீவரை இழுத்தவர்கள் உண்டு. கையும் மூளையும் சேர்ந்து பழக இதைவிட நல்ல வண்டி கிடையாது. ஒரு குறை, ப்ரொப்பெல்லர்கள் எதிரெதிராகச் சுற்றுவதால் 'கிரிட்டிகல் எஞ்சின்' (இரண்டில் எது நின்றால் அதிகச் சிக்கலோ அது) என்பதைப் புத்தகத்தில் மட்டும்தான் படிக்க முடியும். இன்னொன்று, இது குடிக்கும் அவ்கேஸ் என்ற விமானப் பெட்ரோல். இந்தியன் ஆயில் 2022-ல் இங்கேயே தயாரிக்கத் தொடங்கும்வரை அது இறக்குமதிச் சரக்கு. இன்றைக்கும் விலை கடிக்கும்.

டைமண்ட் டிஏ42 குடிப்பது மணலி ரிஃபைனரியிலும் தயாராகிற ஜெட் எரிபொருள். அதுவும் செனிகா குடிப்பதில் ஏறக்குறைய பாதிதான். டீசல் எஞ்சின், எஞ்சினுக்கு ஒரே லீவர், மற்றதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். நின்ற எஞ்சினின் மாஸ்டர் ஸ்விட்சை அணைத்தால் ஃபெதரும் தானாகவே ஆகிவிடும். சொகுசுதான். ஆனால் கரண்ட்டை நம்பிய எஞ்சின். 2007-ல் ஜெர்மனியின் ஷ்பயர் நகரில் பேட்டரி இறங்கிப்போன ஒரு டிஏ42, வெளிக் கரண்ட்டில் ஸ்டார்ட் ஆகிக் கிளம்பியது. சக்கரத்தை மடக்கியதும் மின்னழுத்தம் விழுந்து இரண்டு எஞ்சினும் நின்றன. இந்த வண்டியில் ஏறுகிறவர் எஞ்சினுக்குச் சமமாக மின்சுற்றையும் படிக்க வேண்டும்.

டெக்னாம் பி2006டி-யில் 100 குதிரைத்திறன் ரோட்டக்ஸ் எஞ்சின் இரண்டு. செலவு குறைவு, காருக்குப் போடும் பெட்ரோலிலும் ஓடும், மிக்ஸ்சர் லீவர் கிடையாது. சித்திரை வெயிலில் நடுப்பகலில் ஒரு எஞ்சினோடு ஏறச் சொன்னால் திணறும், அவ்வளவுதான். காலை ஸ்லாட் கேட்டு வாங்குங்கள்.

ஏர்லைன்ஸ்தான் குறி என்றால் என் ஓட்டு டிஏ42-க்கு. ஏ320-யிலும் எஞ்சினுக்கு ஒரு லீவர்தானே, மிக்ஸ்சரைத் தேடும் வேலை அங்கே இல்லை. இன்ஸ்ட்ரக்டர் ஆகவோ சார்ட்டர் ஓட்டவோ நினைப்பவர் செனிகாவுக்குக் கூடுதல் காசு கொடுக்கலாம். எதுவாக இருந்தாலும் பணம் கட்டும் முன் ஹேங்கருக்குள் போய்ப் பாருங்கள். மல்டி ஒன்றே ஒன்றுதான், அதுவும் கவ்லிங் (எஞ்சின் மூடி) கழற்றி வைத்த நிலையில் நிற்கிறது என்றால், அடுத்த ஸ்கூலைப் பார்க்கலாம்.