இடது தோளில் .315-ம் டபுள் பேரலும்: பல வருஷப் பழக்கத்தில் தெரிந்தவை

என்னிடம் இரண்டு துப்பாக்கிகள் இருக்கின்றன. ஒன்று .315 போல்ட் ஆக்‌ஷன் ரைபிள். ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட் என்ற அடைப்பானைக் கையால் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ள வேண்டும். தாத்தா வாங்கியது, அப்பாவிடம் வந்து, 2009-ல் வாரிசு முறையில் என் பெயருக்கு மாறியது. இன்னொன்று பிறகு நானே வாங்கிய 12 போர் டபுள் பேரல், சிறு ஈய இரவைகளைச் சுடும் இரட்டைக் குழல் துப்பாக்கி. லைசென்ஸ் புத்தகத்தில் டி.பி.பி.எல். (டபுள் பேரல் பிரீச் லோடிங்) என்று எழுதியிருக்கும். இரண்டுமே சோத்தாங்கைக்காரர்களுக்காகச் செய்தவை. நான் நொட்டாங்கை. தென்காசி மாவட்டம் கடையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் வாழையும் கொஞ்சம் நெல்லும் வைத்திருக்கிறேன்.

இடது கை ரைபிள் எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமான பதில்: எனக்குத் தெரிந்து நம் ஊர்க் கடைகளில் கிடையாது. 1980களின் நடுவிலிருந்து சாதாரண லைசென்ஸ்தாரர் வெளிநாட்டுத் துப்பாக்கியை இறக்குமதி செய்யவும் வழியில்லை. ஆகவே கிடைப்பதை வாங்கி நமக்கேற்ற மாதிரி மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். எதை மாற்றினால் பலன், எதில் காசு வீண் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அதற்கு முன் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் "அண்ணாச்சி, எந்தக் காட்டுல வேட்டைக்குப் போறீய?" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, அதன் 1991 திருத்தத்துக்குப் பின் இங்கே வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. முண்டந்துறை 1962-லேயே புலிகள் சரணாலயம் ஆகிவிட்டது. 1976-ல் களக்காடு சரணாலயம் வந்தது. 1988-ல் இரண்டையும் சேர்த்துப் புலிகள் காப்பகமாக்கினார்கள். வாழைக் கன்றை வேரோடு நோண்டிப் போடும் காட்டுப்பன்றி விஷயத்தில்கூட, காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டர் தாண்டி வந்தால் வனத்துறைக்காரர்கள் சுடலாம் என்றுதான் 2025-ல் அரசு அறிவித்தது. விவசாயிக்கு அந்த உரிமை இல்லை. என் தோட்டமோ காட்டை ஒட்டியே இருக்கிறது. உயிர் போகும் நிலையில் தற்காப்புக்காக நல்லெண்ணத்தோடு சுட்டால் அது குற்றமாகாது என்று அந்தச் சட்டத்தின் 11-வது பிரிவு சொல்கிறது. ஒரு தோட்டக்காரனுக்கு இருப்பது அவ்வளவுதான். நான் இதுவரை சுட்டதெல்லாம் ரைபிள் கிளப்பில், குறி அட்டையின் மீது.

அந்த ஒரு கடைசி நிலைக்காகத்தான் இவ்வளவு யோசனையும். எங்கள் பக்கம் ஆபத்து என்றால் முதலில் கரடி. யானை வருவது பெரும்பாலும் முன்னாலேயே தெரிந்துவிடும், ஒதுங்கிக்கொள்ளலாம். கரடி அப்படியில்லை. வாய்க்கால் வரப்பில் பத்தடி முன்னால் வந்து நிற்கும்போதுதான் நமக்கே தெரியும். ஒரு தடவை இரவில் தண்ணீர் மாற்றிவிடப் போனபோது அப்படி நின்றது. டார்ச் வெளிச்சத்துக்கும் என் கத்தலுக்கும் திரும்பிப் போய்விட்டது. தோளில் .315 கிடந்தும் அதை எடுக்க வேண்டிய அவசியம் வரவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து, தோட்டா இல்லாத ரைபிளை அதே மாதிரி தோளில் வைத்து, இரண்டாவது குண்டுக்குப் போல்ட்டை இழுத்துப் பார்த்தேன். டபுள் பேரலுக்கு மனு போட்டது அதற்கு அப்புறம்தான்.

.315 பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் .303 ராணுவத் தோட்டா என்பதால் பொதுமக்களுக்குக் கிடையாது. அதனால் ராணுவ ரைபிளான லீ என்ஃபீல்டின் போல்ட் இயக்க அமைப்பில், அதாவது அதன் ஆக்‌ஷனில் ஆஸ்திரிய 8 மில்லிமீட்டர் மான்லிக்கர் தோட்டாவைப் பொருத்தி இஷாப்பூர் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்ததுதான் இந்த ரைபிள். குண்டின் எடை 244 கிரெயின், மேகசினில் (தோட்டா அடுக்கும் பெட்டியில்) ஐந்து தோட்டா. லீ ஆக்‌ஷன் வேகத்துக்குப் பேர் போனது, கைப்பிடியைக் கொஞ்சம் தூக்கினாலே போதும். அந்த வேகமெல்லாம் வலது கைக்காரர்களுக்குத்தான்.

இடது தோளில் வைத்தால் கதையே வேறு. இடது கன்னம், தோளில் முட்டும் மரக் கட்டையின் வலப்பக்கத்தில் படியும். போல்ட்டும் காலித் தோட்டா வெளியே வரும் வாயும் அதே பக்கம், கண்ணுக்குக் கீழே. பின்னுக்கு இழுக்கும்போது போல்ட் நேராக முகத்தை நோக்கி வரும். எனக்கு மூக்குக் கண்ணாடி வேறு. ஆகவே ஒவ்வொரு குண்டுக்கும் தலையைத் தூக்கியாக வேண்டும், தூக்கினால் குறி கலைந்துவிடும்.

இதற்கு இரண்டு வழி உண்டு. நின்றுகொண்டு சுடும்போது இடது கையை ரைபிளுக்கு மேலாகக் கொண்டுபோய் வலப்பக்கப் போல்ட்டைப் பிடித்து இழுப்பது ஒன்று. பார்க்கவே கோணலாக இருக்கும். மற்றது, முன்கட்டையைத் தாங்கும் வலது கையை எடுத்துப் போல்ட்டை ஓட்டுவது. இடது கை பிடியை விட்டு அசையாது, விரல் விசைக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஆனால் முன்பக்கத்தைத் தாங்க ஏதாவது வேண்டும். கிளப்பில் மணல் மூட்டை மேல் வைத்துச் சுடும்போது இந்த இரண்டாவது வழியில் நான் வலது கைக்காரர்களுக்குச் சளைத்தவனில்லை. சொல்லப்போனால் சிலரைவிட வேகம். வாய்க்கால் வரப்பில் மணல் மூட்டைக்கு எங்கே போவது?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கைப்பழக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றாலும். இது அடிப்பக்கத்தில் புடைத்த விளிம்புள்ள தோட்டா. மேகசினில் போடும்போது மேல் தோட்டாவின் விளிம்பு, கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். மாறிப் போனால் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு போல்ட் நகராது. இருட்டில் விரலால் தடவிப் பார்த்தே போடப் பழகிக்கொள்ள வேண்டும்.

டபுள் பேரலில் இந்தத் தொல்லைகள் பெரும்பாலும் இல்லை. இரண்டாவது குண்டுக்கு எதையும் இழுக்க வேண்டாம், விரல் ஒரு விசையிலிருந்து அடுத்ததற்கு நகர்ந்தால் போதும். சேஃப்டி (தவறிச் சுடாமல் தடுக்கும் பொத்தான்) நடு முதுகில் இருக்கும், எந்தக் கையானாலும் கட்டை விரலுக்கு எட்டும். ஆபத்தான மிருகங்களுக்கு என்று ஆங்கிலேயக் கம்பெனிகள் அந்தக் காலத்தில் செய்த டபுள் ரைபிள்களும் இதே அமைப்புதான். நொட்டாங்கைக்காரன் ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம் என்று நினைக்கத் தோன்றும். அப்படியே எடுக்க முடியாது. காரணம் கட்டை.

நேராகத் தெரிந்தாலும் துப்பாக்கிக் கட்டை நேராக இருக்காது. வலது கைக்காரரின் கண் குழல்களின் நடுக்கோட்டுக்கு வர வேண்டும் என்பதற்காக அடிக்கட்டையை வலப்பக்கம் சற்றே ஒதுக்கிச் செதுக்கியிருப்பார்கள். கால் அங்குலத்துக்குள்தான் இருக்கும். அதையே இடது தோளில் வைத்தால் நம் கண் நடுக்கோட்டிலிருந்து இன்னும் வலப்பக்கம் போய்விடும். சுட்டது வலப்பக்கம் விலகும். வாங்கிய புதிதில் என் அட்டையில் இரவைகள் எல்லாம் வலது ஓரத்தில் குவிந்ததற்கு இதுதான் காரணம். விசை இழுப்பில் கோளாறு என்று கிளப்பில் ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள்.

மதுரைப் பக்கம் லைசென்ஸ் உள்ள ஒரு பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுபோனேன். பெரியவர் ஒருவர் துப்பாக்கியைத் திறந்து, உள்ளே காலி என்று பார்த்துவிட்டு, என்னைக் கண்ணை மூடித் தோளில் வைக்கச் சொன்னார். நான் கண்ணைத் திறந்ததும் எதிரே நின்று தன் கண்ணைக் காட்டி, "எங்க பாக்குறீங்க?" என்றார். குழல்களின் மேல்பட்டை எனக்கு ஒரு கோடாகத் தெரியவில்லை. அதன் வலப்பக்கச் சரிவு முழுசும் தெரிந்தது. "கையை மாத்திப் பழகிக்கங்க தம்பி, செலவு மிச்சம்" என்றார். குறி பார்ப்பதில் முந்தும் என் மேலாதிக்கக் கண்ணும் இடதுதான் என்று சொன்னபிறகு, சரி, கட்டையை மாற்றிவிடலாம் என்றார்.

பழைய கட்டையையே சூடான ஆளி விதை எண்ணெய் ஊற்றி ஊற்றி இளக்கி, கவ்வியில் பூட்டி வளைப்பது ஒரு முறை. செலவு குறைவு. ஆனால் மரத்தின் ரேகை பிடிக் கழுத்தில் குறுக்கே ஓடினால் அங்கேயே கீறிவிடும். என்னுடையதில் அப்படித்தான் ஓடியது. ஆகவே காஷ்மீர் அக்ரூட் மரத்தில் புதுக் கட்டை. இரும்பு உட்காரும் இடத்தில் விளக்குக் கரியைப் பூசி, பொருத்தி எடுத்து, கரி ஒட்டிய மேட்டை மட்டும் உளியால் சீவி, மறுபடி பூசி... அந்த வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோது, இதற்கு ஏன் மாதக்கணக்கில் ஆகிறது என்று புரிந்தது. இரும்பு மரத்தில் முழுசாகப் படியாமல் ஒரே இடத்தில் முட்டினால், உதைப்பில் கட்டை பிளந்துவிடும். சாய்வு இப்போது இடப்பக்கம். கன்னம் படும் இடத்தையும் வலப்பக்கத்துக்கு மாற்றியிருக்கிறார்.

வந்தபிறகு இரவைக் கூட்டம் அட்டையின் நடுவுக்கு வந்துவிட்டது. கன்ன எலும்பில் விழுந்த குத்தும் நின்றது. என் செலவுகளில் உருப்படியான ஒன்று இதுதான்.

மாறாமல் இருப்பவையும் உண்டு. குழல்களை மடக்கித் திறக்கும் நெம்புகோலை வலது கைக்காரர் கட்டை விரலால் இழுப்பார், நான் தள்ளுகிறேன். பழகிவிட்டது. முன் விசை வலது குழலைத்தான் சுடுகிறது. இடது கைக்காகவே செய்யும் டபுளில் அது இடது குழலுக்கு இருக்கும். அதை மாற்ற உள்ளே கை வைக்க வேண்டும், தேவையில்லை என்று விட்டுவிட்டேன். முன் விசை சற்று வலது விரலுக்கேற்ற மாதிரி சாய்ந்திருந்தது. அதைப் பெரியவர் லேசாகத் திருப்பிக் கொடுத்தார். இதைச் செய்யாவிட்டால் பின் விசையை இழுக்கும்போது முன் விசையின் ஓரம் விரலின் பின்புறத்தில் தட்டும்.

போல்ட் இடப்பக்கம் இருக்கும் அசல் இடது கை ரைபிளை நான் பிடித்துப் பார்த்தது தென்னாப்பிரிக்காவில். சித்தப்பா மகன் அங்கே வேலையில் இருக்கிறான், அவனும் என்னைப் போலத்தான், குடும்ப வாகு. அங்கே காட்டெருமை வேட்டை சட்டப்படி நடக்கிறது. ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் பெரிய மிருகங்களுக்குக் குழல் அளவில் .375 அங்குலம்தான் குறைந்தபட்சம், நம் .315 அங்கே மானுக்குத்தான் ஆகும். அவன் வைத்திருந்தது ரூகர் கம்பெனியின் இடது கை ரைபிள், .375 ரூகர் தோட்டாவுக்கானது. பழைய .375 எச் அண்டு எச் (ஹாலண்ட் அண்டு ஹாலண்ட்) 1912-ல் வந்தது. தோட்டா நீளம், அதற்கு நீளமான ஆக்‌ஷன் வேண்டும், அதில் இடது கைக்குச் செய்பவர்கள் குறைவு. 2007-ல் வந்த .375 ரூகர் சாதாரண நீளத்திலேயே அடங்கிவிடும். அவன் அதைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவே காரணம். மற்றபடி செர்பியாவின் ஸஸ்தாவா, ஜெர்மனியின் பிளேசர் இவற்றிலும் இடது கைக்கு உண்டு. ஸஸ்தாவா மவுசர் மாதிரி. பெரிய கொக்கி ஒன்று தோட்டாவை மேகசினிலிருந்து ஏறும்போதே கவ்விக்கொள்ளும், பதற்றத்தில் போல்ட்டைப் பாதியில் இழுத்தாலும் தோட்டா நழுவாது. ஆபத்தான வேட்டைக்குப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் என்பார்கள். இடது கை ஆக்‌ஷனை மட்டும் தனியாக வாங்கி, அங்கேயே குழலும் கட்டையும் போட்டுக் கட்டச் சொல்வதும் உண்டு. விலை எகிறும், வருஷக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும்.

குறி மைதானத்தில் அவன் ரைபிளைச் சுட்டேன். முதல் குண்டு முடிந்ததும் என் வலது கை தானாக முன்கட்டையை விட்டுப் போல்ட்டைத் தேடி வலப்பக்கம் போனது. அங்கே ஒன்றும் இல்லை. "என்னண்ணே, காத்துல எதைப் பிடிக்க?" என்று சிரிக்கிறான். இத்தனை வருஷப் பழக்கம் ஒரு நாளில் போகுமா? கன்னத்தை எடுக்காமலே போல்ட்டை ஓட்டும் சுகம் அன்று சாயங்காலத்துக்குள் புரிந்தது. ஆனாலும் வேகத்தில் நான் என் .315-ல் செய்வதைத் தாண்டவில்லை.

ஆகவே என் கணக்கு இப்படி: இனிமேல்தான் தொடங்கப் போகிறவர், வெளிநாட்டில் வாங்கும் வசதியும் இருக்கிறது என்றால் நேராக இடது கை போல்ட்டுக்குப் போங்கள், மறு யோசனை வேண்டாம். இங்கேயே, வலது கைப் போல்ட்டில் ஊறிப்போனவர் என்றால் முதல் செலவு கட்டைக்கு. லைசென்ஸில் இன்னொன்றுக்கு இடம் இருந்தால் டபுள் பேரல். 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவருக்கு இரண்டுதான், அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பராமரிப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆடிச் சாரலிலும் ஐப்பசி மழையிலும் குழலில் துரு ஏறும். மெஷின் ஆயில் போதும், தேங்காய் எண்ணெய் பிசுபிசுத்துப் போய்விடும். தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும். வாங்கி வைக்கும் இடத்தில் எண்ணெய் போடுவார் யாருமில்லை. திரும்ப வரும்போது புதுக் கட்டையில் ஒரு கீறலோடு வந்தது. இப்போது கொடுக்கும்போதே, இருக்கிற கீறல்களை ரசீதில் எழுதி வாங்கிக்கொள்கிறேன்.

என் மகளும் நொட்டாங்கைதான், பள்ளியில் 10 மீட்டர் ஏர் ரைபிள் பழகுகிறாள். .177 அளவில் 20 ஜூலுக்கு உட்பட்ட ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம். போட்டி ரைபிள்களில் இடது கைப் பிடி தனியாகவே கிடைக்கிறது. அதை வாங்கித் தந்துவிட்டேன். .315 பக்கம் இப்போதைக்கு விடுவதாக இல்லை.