பாராலாய்டு பி-72: பிரித்தெடுக்க முடிகிற பசை

தொல்லெலும்பு, புதைபடிவம், பழைய மண்பாண்டம் என எதைக் கையாள்பவராக இருந்தாலும் சரி, ஒரே ஒரு ஒட்டுப்பொருள்தான் வாங்க முடியும் என்றால் பாராலாய்டு பி-72 வாங்குங்கள். இதைவிட வலுவாகப் பிடிக்கும் பசைகள் உண்டு, வேகமாகக் காய்பவையும் உண்டு. ஆனால் பல ஆண்டுகள் கழித்தும் எலும்பைச் சிதைக்காமல் கழற்றக்கூடிய பசை என்ற ஒரு தகுதியில் இதை மிஞ்ச ஆளில்லை. தொல்பொருளுக்கு அந்தத் தகுதிதான் முக்கியம்.

எத்தில் மெத்தக்ரிலேட் 70 பங்கும் மெத்தில் அக்ரிலேட் 30 பங்கும் சேர்ந்த அக்ரிலிக் பிசின் இது. நிறமற்ற சிறு மணிகளாக வரும். ரோம் அண்ட் ஹாஸ் நிறுவனம் தயாரித்தது. பிறகு அந்த நிறுவனம் டவ் கெமிக்கலுக்குப் போனது. பழைய அமெரிக்க நூல்களில் அக்ரிலாய்டு பி-72 என்றிருந்தால் அதுவும் இதுவே. அருங்காட்சியகப் பொருள்களின் ஆயுளை ஆராய்ந்த ராபர்ட் ஃபெல்லர் வகுத்த தரப்பட்டியலில், நூறாண்டுக்கு மேல் தாங்கும் முதல் வகுப்பில் இது இருக்கிறது. மஞ்சளாவதில்லை, வயதானாலும் கரையும் தன்மையை இழப்பதில்லை. வாங்கும்போது எண்ணைச் சரிபாருங்கள். பி-44, பி-67, பி-48என் எல்லாம் பாராலாய்டு குடும்பம்தான், ஆனால் வேலை வேறு. பி-44 உலோகத்தின் மேல் பூசுவதற்குப் பயன்படும் கடினமான வகை. எலும்புக்கு அது வேண்டாம்.

கரைப்பதில்தான் முதல் தடுமாற்றம். மணிகளை ஜாடியில் கொட்டி மேலே அசிட்டோனை ஊற்றினால் அடியில் ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாகிவிடும், பிறகு நாள்கணக்கில் கரையாது. மெல்லிய துணியில் மணிகளை முடிந்து, அசிட்டோனுக்குள் தொங்கும்படி கட்டி, கண்ணாடி ஜாடியை இறுக மூடி வையுங்கள். கரைந்த பிசின் கனமாகையால் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும், மணிகளைச் சுற்றிப் புது அசிட்டோன் வந்துகொண்டே இருக்கும். ஒரே இரவில் முடிந்துவிடும். பாலிஸ்டைரின் கோப்பையில் இதைச் செய்தால் கோப்பையே கரைந்து கலவையில் சேரும். அசிட்டோன் நீரின் உறைநிலைக்குக் கீழேயே தீப்பற்றும் ஆவி தரக்கூடியது. அடுப்பு, ஹீட்டர், தீப்பொறி பறக்கும் மோட்டார் எதுவும் அருகில் இருக்கக் கூடாது. சாதாரண நைட்ரைல் கையுறையையும் அது சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். பியூட்டைல் ரப்பர் கையுறைதான் தாங்கும்.

இரண்டு கரைசல்கள் போதும். உறுதியூட்ட நீர்த்தது: 100 மி.லி. கரைசலில் 5 கிராம் பிசின். ஒட்டுவதற்குக் கெட்டியானது: 50 கிராம் மணிக்கு 50 கிராம் அசிட்டோன், அதாவது ஏறத்தாழ 63 மி.லி. இதை அளவுக் குவளையில் ஊற்றி அளக்காமல் தராசில் வைத்து எடை போடுவது நல்லது. அசிட்டோன் அளக்கும்போதே ஆவியாகும். ஸ்டீபன் கூப் 1986-இல் வெளியிட்ட செய்முறையில், கெட்டிக் கலவையில் மிக நுண்ணிய சிலிக்காத்தூளை 0.1 சதவீதம் சேர்ப்பார். பசை நூல் நூலாக இழுபடுவதும் குமிழி கட்டுவதும் அதனால் குறையும். அந்தத் தூளைக் கையாளும்போது முகக்கவசம் கட்டாயம்.

உறுதியூட்டும்போது பெரும்பாலானோருக்குத் தவறுவது வேகத்தில். பொடிந்துபோகும் எலும்பில் 5 சதவீதக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுகிறோம், உள்ளே இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். ஆனால் அசிட்டோன் மேற்பரப்பில் ஆவியாகும்போது பிசினையும் கூடவே வெளியே இழுத்துவரும். முடிவில் மேலே பளபளக்கும் தோல், உள்ளே பழைய பொடி. அந்தத் தோல் பின்னாளில் உரியும்போது எலும்பின் மேற்பரப்பையும் சேர்த்துக்கொண்டு போகும். கல்லாயுதத்தின் வெட்டுத்தடமோ விலங்கின் பல்தடமோ இருப்பது அந்த மேற்பரப்பில்தான். இதைத் தவிர்க்க, 5 சதவீதக் கரைசலை அசிட்டோனால் இன்னும் நீர்த்து, 2 அல்லது 3 சதவீதத்தில் தொடங்குங்கள். முதல் சுற்று ஊறியபின் அடுத்த சுற்றைச் சற்றுக் கெட்டியாக்கலாம். கரைசல் விட்ட பகுதியைப் பாலித்தீன் தாளால் தளர்வாக மூடி, காய்வதை மெதுவாக்குங்கள். அசிட்டோனில் கொஞ்சம் எத்தனால் கலப்பதும் உதவும். கரைசல் பால்போலத் தெரிந்தாலும் காய்ந்தபின் படலம் தெளிவாகவே இருக்கும். பளபளப்பு வந்துவிட்டால் அசிட்டோன் தோய்த்த பஞ்சால் ஒற்றி எடுங்கள். தேய்க்கக் கூடாது.

காற்றில் ஈரம் மிகுந்த நாளில் இன்னொரு தொல்லை. அசிட்டோன் ஆவியாகும்போது எலும்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படியும். படலம் வெள்ளையாகப் பூத்துவிடும். வறண்ட நாளில் அசிட்டோனை ஒருமுறை மீண்டும் தொட்டால் அது தெளியும்.

உடைந்த துண்டுகளைப் பொருத்தும்போது நேராகக் கெட்டிப் பசைக்குப் போய்விடாதீர்கள். இரு முகங்களிலும் நீர்த்த கரைசலைப் பூசிக் காயவிட வேண்டும். நுண்துளைகள் அடைபடாவிட்டால் எலும்பு பசையை உறிஞ்சிவிடும், இணைப்பில் ஒன்றும் மிஞ்சாது. பிறகு ஒரு முகத்தில் மட்டும் மெல்லிய கோடாகப் பசை இட்டு, அழுத்தி, உடனே பிரித்து, மீண்டும் அழுத்துங்கள். இரு பக்கமும் ஒரே சீராகப் படியும். மணல் நிரப்பிய தட்டில் துண்டின் எடை இணைப்பின்மேல் நேர்க்குத்தாக இறங்கும்படி நிறுத்திவைக்கவும், மணல் இணைப்பைத் தொடாமல் இருக்கட்டும். ஒரு மணி நேரத்தில் தானாக நிற்கும், முழு வலு வரச் சில நாள்கள் ஆகும். கோணல் தெரிந்தால் கவலை இல்லை. அசிட்டோன் நனைத்த பஞ்சுடன் மூடிய டப்பாவில் ஓர் இரவு வைத்தால் ஆவியிலேயே இணைப்பு இளகிக் கொடுக்கும்.

இந்த இளகிக் கொடுக்கும் குணத்துக்கு இன்றைய ஆய்வில் என்ன மதிப்பு என்பதற்குப் பெல்ஜியத்தின் ஸ்பை குகை ஒரு நல்ல சான்று. அங்கே 1886-இல் கிடைத்த நியாண்டர்தால் எலும்புகளின் முந்தைய ரேடியோகார்பன் காலங்கள் (எஞ்சிய கதிரியக்கக் கார்பனை அளந்து கணிக்கும் வயது) நம்ப முடியாத அளவுக்கு அண்மையில் விழுந்தன. 2021-இல் வெளியான மறு ஆய்வில், தோள்பட்டை எலும்பு ஒன்றில் இக்கால மாட்டின் மரபணு ஏராளமாக இருந்தது தெரிந்தது. பாதுகாப்பதற்காக யாரோ அதில் மாட்டெலும்புப் பசை பூசியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் முடிவு. பசையிலும் கொலாஜன் என்ற புரதம், எலும்பிலும் அதே கொலாஜன். ஆய்வகத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரிப்பது எளிதல்ல. மற்ற எலும்புகளிலிருந்து ஹைட்ராக்சிபுரோலின் என்ற அமினோ அமிலத்தை மட்டும் தனித்தெடுத்து அளந்தபின், வடமேற்கு ஐரோப்பாவில் நியாண்டர்தால்கள் மறைந்த காலம் 44,200 முதல் 40,600 ஆண்டுகளுக்கு முன் என்று திருத்தப்பட்டது.

கணக்கைப் பார்த்தால் காரணம் விளங்கும். ரேடியோகார்பன் காலம் 40,000 ஆண்டு வரவேண்டிய எலும்பில் 1 சதவீதம் இக்காலக் கார்பன் கலந்தால், கருவி ஏறத்தாழ 33,000 என்று காட்டும். பி-72 பெட்ரோலியத்திலிருந்து வருவது, அதில் ரேடியோகார்பன் கிடையாது. 1 சதவீதம் எஞ்சிவிட்டால் எந்த வயது எலும்பிலும் 80 ஆண்டு அளவுக்குக் கூடுதலாகக் காட்டும், அவ்வளவுதான். தவிர, அசிட்டோனில் கழுவி அதன் பெரும்பகுதியை எடுத்துவிடலாம். அப்படியிருந்தும், மாதிரி எடுக்கப்போகும் இடத்தில் பூசவே கூடாது என்பதுதான் என் உறுதியான கருத்து. சீனாவின் ஹார்பின் மண்டையோடு 1933-இல் கிடைத்தது. அது டெனிசோவன் என்ற அழிந்துபோன மனித இனத்தினுடையது என்று 2025-இல் சொல்ல முடிந்தது எலும்பிலிருந்த புரதத்தாலும், பல்லில் படிந்த காரையிலிருந்த மைட்டோகாண்ட்ரிய மரபணுவாலும். தென்னாப்பிரிக்காவின் ஸ்வார்ட்கிரான்ஸ் குகையில் கிடைத்த, பராந்திரோபஸ் என்ற அழிந்துபோன மனித உறவினத்தின் 20 லட்சம் ஆண்டுப் பழைய பற்களின் எனாமலிலிருந்து புரதம் படித்ததும் அதே ஆண்டில்தான். எனவே பல்லையும், பல்காரையையும், காதின் உட்புறத்தைச் சூழ்ந்த கெட்டியான எலும்பையும் கரைசல் படாமல் விட்டுவிடுங்கள். ஒட்டியே தீரவேண்டிய எலும்பிலிருந்தும் கைபடாத சிறு துண்டு ஒன்றை முதலிலேயே தனியே எடுத்து, அலுமினியத் தாளில் சுற்றி வையுங்கள்.

குறைகளும் உண்டு. 40 டிகிரி செல்சியஸில் இது இளகத் தொடங்கும். வெயிலில் நிற்கும் வண்டியிலோ தகரக் கூரைக்கடியிலோ வைத்த பானையின் இணைப்புகள் மெல்ல நகர்ந்து, காலப்போக்கில் வாய் வட்டம் கோணலாகிவிடும். வெப்பமான இடங்களில் வேலை செய்பவர்கள் பி-48என் வகையைக் கலந்துகொள்வதுண்டு. அதற்கு 50 டிகிரி வரை தாக்குப்பிடிப்பு. ஈர எலும்புக்கு அசிட்டோன் கரைசல் ஆகாது, வெள்ளையாகத் திரளும். அங்கே நீரில் கலந்த அக்ரிலிக் வகைதான் சரி. டைனோசர் தொடையெலும்பு போன்ற கனத்தையும் இது தனியாகத் தாங்காது; இரு முகங்களிலும் முதலில் பி-72 பூசிக் காயவைத்து, அதற்கு மேல் எபாக்ஸி போட்டால் வலுவும் கிடைக்கும், பின்னாளில் பிரிக்க வழியும் இருக்கும். பைரைட் என்ற இரும்புச் சல்பைடுக் கனிமம் உள்ள புதைபடிவத்தைப் பூச்சால் காப்பாற்ற முடியாது. ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் படலத்துக்கு அடியிலேயே பைரைட் சிதையும்.

சூப்பர் குளூ நுண்விரிசலில் சட்டென்று இறங்கும் என்பதால் புதைபடிவக் கூடங்களில் அதற்கு மவுசு அதிகம். கழற்ற நினைத்தால்தான் சிக்கல்: அசிட்டோனில் கரைவதற்கு முன் ஊதிப் பருத்து, விரிசலை அகலமாக்கும். வெள்ளைப் பசையைத் தொல்பொருள் பக்கமே கொண்டுவராதீர்கள். நாளாக நாளாகக் கரையாமல் போவதோடு அமிலத்தையும் கசியவிடும்.

தயார்நிலைக் குழாயாகவும் பி-72 கிடைக்கிறது. பானை ஓடு ஒட்ட அது போதும். எலும்பு வேலைக்கு மணிகளாக வாங்குவதே மேல்: 100 கிராமில் இரண்டு லிட்டர் 5 சதவீதக் கரைசல் வரும், அடர்த்தியும் உங்கள் கையில் இருக்கும். பொருளின்மேல் பதிவெண் எழுதவும் இதுவே உதவும். 10 முதல் 15 சதவீதக் கரைசலில் ஒரு சிறு பட்டை பூசிக் காயவைத்து, அதன்மேல் மையால் எழுதி, ஒயிட் ஸ்பிரிட்டில் கரைத்த பி-67-ஆல் மூடுங்கள். மேலேயும் அசிட்டோனில் கரைத்த பி-72 பூசினால் அடிப்பட்டை இளகி எழுத்து கலங்கும். பதிவேட்டில் எண்ணோடு நிறுத்திவிடாமல், எந்தப் பிசின், எத்தனை சதவீதம், எந்தக் கரைப்பான், எந்தத் தேதி, எலும்பின் எந்தப் பக்கம் என்பதையும் எழுதி வைத்தால், மாதிரி எடுக்க வருகிறவர் எதைக் கொண்டு கழுவுவது என்று தேட வேண்டியிருக்காது.